பூட்ஸ் கொடுத்தாச்சு, கால் அளவு எடுத்தாச்சா?

காலையில் உங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் வண்டியை ஒருநாள் நின்று கவனியுங்கள். பல ஊர்களில் வண்டியின் கம்பியில் ஒரு ஜோடி கம்பூட்ஸ் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டியைக் கொண்டுவரும் அம்மாவின் காலில் அடி தேய்ந்த ரப்பர் செருப்பு. கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனால் சிமென்ட் மூட்டை அடுக்கிய கொட்டகையின் மூலையில் சேஃப்டி ஷூக்கள் தூசி படிந்து கிடக்கும். சித்தாள் வெறுங்காலோடு கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்.

பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "கொடுத்தாச்சு சார், அவங்கதான் போட மாட்டேங்கிறாங்க. கையெழுத்து இருக்கு பாருங்க." பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கத்தான் செய்கிறது. தணிக்கைக்கு அது போதும். காலுக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

கொடுக்கவே கொடுக்காத இடங்கள் இன்னமும் ஏராளம். அது தனிக் குற்றம், அதைப் பற்றி எழுதாதவர் இல்லை. யாரும் எழுதாமல் விடுவது கொடுத்த இடங்களில் நடப்பதைத்தான். அரசுப் பணமும் முதலாளியின் பணமும் செலவாகிறது, காலணி வந்து இறங்குகிறது, ஒரு வாரம் கழித்து யார் காலிலும் அதைக் காணோம். தொழிலாளிக்கு அலட்சியம், பழக்கமில்லை, விழிப்புணர்வு இல்லை என்று சொல்லி விழிப்புணர்வு முகாம் ஒன்றை நடத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். முகாமில் பேசுகிறவர் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஒரு வார்டைச் சுற்றிவந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்.

தூய்மைப் பணியில் பெண்கள் அதிகம். இந்தியப் பெண்களில் பெரும்பாலோருக்கு 4 முதல் 6 வரையிலான அளவுதான் சேரும். மொத்தமாக வாங்கும் கம்பூட்ஸோ பெரும்பாலும் ஆண்களின் அளவில், ஏழு எட்டு என்று வந்து குவிகிறது. பெரிய பூட்ஸுக்குள் கால் முன்னும் பின்னும் வழுக்கும். குதிகாலில் தோல் உரியும். வண்டிப் படியில் கால் வைத்தால் தடுக்கும். விழுந்து அடிபடுவதைவிடச் செருப்போடு போவது மேல் என்று அவர் முடிவு செய்வதில் என்ன அலட்சியம் இருக்கிறது? தவிர, பெண்ணின் கால் என்பது ஆணின் காலைச் சின்னதாக்கியது அல்ல. பாதத்தின் முன்பக்க அகலத்தோடு ஒப்பிட்டால் குதிகால் ஒடுங்கி இருக்கும். ஆண்கள் பூட்ஸில் சின்ன அளவைத் தேடிக் கொடுத்தாலும் குதிகாலில் தொளதொளவென்றுதான் நிற்கும்.

இன்னொன்று, எந்தக் கொள்முதல் கோப்பிலும் இடம்பெறாதது: மெட்டி. கல்யாணமான பெண்ணின் கால்விரலில் மெட்டி இருக்கும், பலருக்கு இரண்டு காலிலும் கனமானதாகவே இருக்கும். இறுக்கமான முன்பக்கத்தில் அது பக்கத்து விரலைக் குத்தும். கொலுசு போட்டிருந்தால் பூட்ஸின் குழாய் அதைக் கணுக்காலில் வைத்து அழுத்தும். கழற்றி வைத்துவிட்டு வா என்று உத்தரவு போடுவது எளிது. கேட்கிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய சொல் என்பது உத்தரவு போடுகிறவருக்கும் தெரியும்.

பிறகு வெயில். பிளாஸ்டிக், ரப்பர் பூட்ஸ் தண்ணீரை உள்ளே விடாது, வியர்வையையும் வெளியே விடாது. மே மாதத்தில் சென்னையிலோ வேலூரிலோ நாலு மணி நேரம் அதற்குள் கால் இருந்தால் தோல் ஊறி வெளுத்துப்போகும், விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். சாக்ஸ் கொடுப்பது அபூர்வம். வெறுங்காலில் பூட்ஸ் போட்டால் கெண்டைக்காலில் விளிம்பு உரசி வட்டமாகத் தடிப்பு விழும். ராத்திரி கழுவிக் கவிழ்த்து வைத்தாலும் காலையில் உள்ளே ஈரம் இருக்கும். அதே ஈரத்தில் மறுபடி காலை விட வேண்டும்.

கொப்புளம்தானே என்று தள்ளிவிட முடியாத ஆட்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள். நடுத்தர வயதைத் தாண்டிய பலருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, பலருக்கு இருப்பதே தெரியாது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி மங்கியவருக்கு ஷூ கடிப்பதே உறைக்காது. வலிக்காத புண் வளர்ந்து, சீழ் பிடித்து, விரலை எடுக்கும் அளவுக்குப் போவதை அரசு மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைப் பிரிவுகள் நன்றாக அறியும். வெடிப்பும் புண்ணும் உள்ள கால் மழைத்தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் கிருமிக்கு அதுவே வாசல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து தோலின் காயம் வழியாக உடம்புக்குள் நுழையும் நோய் அது. ஆக, பொருந்தாத பூட்ஸ் முதலில் புண்ணை உண்டாக்குகிறது. பிறகு கழற்றி வைக்கச் சொல்லி, அந்தப் புண்ணைச் சாக்கடைத் தண்ணீரிலும் இறக்கிவிடுகிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பு உபகரணம்.

சட்டத்தில் குறையில்லை. திடக்கழிவு மேலாண்மைக்கு 2016இல் வந்த மத்திய அரசு விதிகள், குப்பையைக் கையாளும் தொழிலாளர் எல்லோருக்கும் சீருடை, கையுறை, மழைக்கோட்டு, முகக்கவசத்தோடு தகுந்த காலணியும் கிடைப்பதையும், அவற்றை அவர்கள் பயன்படுத்துவதையும் உறுதிசெய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பின் தலையில் வைத்தன. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டு மத்திய விதிகள், ஈரக் கான்கிரீட்டிலும் தண்ணீரிலும் நிற்பவருக்குத் தண்ணீர் புகாத பூட்ஸ் தர வேண்டும் என்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒருபடி போய், பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது. ஷூ விலையை முதல் மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் காண்ட்ராக்டர்களுக்கு இதை யாராவது படித்துக்காட்ட வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்து வேலை செய்யும் சின்ன மேஸ்திரிகள் பெரும்பாலும் இந்த வலைக்கு வெளியே நிற்கிறார்கள் என்பது வேறு கதை.

தரத்துக்கும் அளவுகோல் இருக்கிறது. ஐ.எஸ். 15298 என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பணிக் காலணித் தரம். அதன் இரண்டாம் பகுதிப்படியான சேஃப்டி ஷூவின் முன்கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அதாவது 20 கிலோ எடையை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டாலும் விரல் நசுங்கக் கூடாது. மூன்றாம் பகுதியில் அது 100 ஜூல். நான்காம் பகுதிக் காலணிக்கு முன்கவசமே தேவையில்லை. இந்தக் காலணிகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணையை 2020இல் மத்திய அரசு பிறப்பித்தது. எல்லாம் சரி. ஆய்வுக்கூடத்தில் ஷூவை இயந்திரம் சோதிக்கிறது. அதே ஷூ இந்தத் தொழிலாளியின் காலுக்குச் சேருகிறதா என்று சோதிக்க எந்த விதியும் யாரையும் நியமிக்கவில்லை.

சாதாரணத் தோல் ஷூ நாலு நாள் கடித்துவிட்டுப் பிறகு காலுக்கு இசைந்து கொடுக்கும். இரும்புக் கவசம் கொடுக்காது. முதல் நாள் சுண்டுவிரலில் எங்கே இடித்ததோ, தூக்கிப்போடும் நாள்வரை அங்கேதான் இடிக்கும். நம் ஊர் வேலைமுறையால் வரும் தொல்லை இன்னொன்று. டைல்ஸ் ஒட்டுபவர், கம்பி கட்டுபவர், கல் உடைப்பவர் எல்லோரும் குத்தவைத்து உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்கள். அப்படி உட்காரும்போது பாதம் விரல் மூட்டில் மடங்கும். கவசத்தின் பின்விளிம்பு சரியாக அந்த மடிப்பில் விரல்களின் மேல் அமரும். நின்று வேலை செய்பவருக்குக் குறையே தெரியாத ஷூ, உட்கார்ந்து எழுபவருக்கு ஒரு மணி நேரத்தில் வதையாகிவிடும். வாங்குவதற்கு முன் யாரையாவது அதைப் போட்டுக்கொண்டு குத்தவைத்து உட்காரச் சொல்லிப் பார்த்தார்களா?

அகலம் அடுத்த சிக்கல். கடையில் கேட்கும் ஆறு, ஏழு, எட்டெல்லாம் பிரிட்டிஷ் அளவுமுறை. வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது, இன்றுவரை போகவில்லை. அதில் நீளத்துக்குத்தான் எண்; அகலத்துக்கு இங்கே தனி எண் போட்டு விற்பதில்லை. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. நம் கால்கள் ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிட அகலமானவை என்று அதில் தெரிந்தது. இந்தியக் காலுக்கென்று 'பா' என்ற புதிய அளவுமுறையையும் அந்த நிறுவனம் முன்வைத்தது. அகலம் போதாததால் நம் ஆட்கள் ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறார்கள். அகலம் சேர்ந்தால் நீளம் மிஞ்சுகிறது. நீளம் மிஞ்சினால் ஷூ மடங்க வேண்டிய இடமும் கால் மடங்கும் இடமும் வேறு வேறாகிவிடுகின்றன. கேன்வாஸ் ஷூவில் இதைச் சமாளித்துவிடலாம். ஜோடி ஒரு கிலோவைத் தொடும் இரும்பு ஷூவில் முடியாது.

அளந்த நிறுவனம் அடையாறில் இருக்கிறது. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் இங்கேதான் இருக்கின்றன. ஏற்றுமதிக்கு சேஃப்டி ஷூ செய்யும் தொழிற்சாலைகளும் அந்தப் பக்கம் உண்டு. காலணித் தொழிலுக்கென்று 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்ட மாநிலம் இது. வெளிநாட்டுத் தொழிலாளியின் காலுக்கு அகலம் பார்த்து, அச்சுக்கட்டை மாற்றிச் செய்துகொடுக்கத் தெரிந்த கைகள் நம்மிடம் இருக்கும்போது, நம் தெருவைக் கூட்டுகிறவருக்கு மட்டும் வந்த அளவில் ஒன்று. விளக்கின் அடியில் இருட்டு.

வேலைக்கு வேலை காலணி மாறும் என்பதும் வாங்குகிறவர்களுக்கு உறைப்பதில்லை. குப்பை தரம் பிரிப்பவர் காலில் இரும்பு விழப்போவதில்லை. உடைந்த பாட்டிலும் ஊசியும் ஆணியும்தான் அவர் எதிரிகள். அவருக்கு வேண்டியது குத்தினால் துளைக்காத அடிப்பாகமும் குறைந்த எடையும். முன்கவச ஷூவைக் கொடுத்து அவர் காலைக் கனக்கவைப்பதில் பயனில்லை. கான்கிரீட் போடுபவருக்கு உயரமான பூட்ஸ் தவிர வேறு வழியில்லை. ஈர சிமென்ட் கடுமையான காரம். செருப்புக் காலோடு நாள் முழுக்க அதில் நின்றால் தோலைத் தின்றுவிடும், மாலையில் எரியும்போதுதான் தெரியும். கோவை ஃபவுண்டரிகளில் உருக்கிய இரும்பை வார்ப்பவருக்குக் கயிறு கட்டும் ஷூ ஆபத்து. ஒரு சொட்டு உள்ளே விழுந்தால் முடிச்சை அவிழ்க்க நேரமிருக்காது, ஒரே உதறலில் கழல வேண்டும். மின்சார வேலைக்குக் காப்புத்தன்மை உள்ள தனி ரகம் இருக்கிறது. அடுக்குமாடி வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் வாட்ச்மேனுக்கோ பளபளப்பான கறுப்பு ஷூ, கட்டை மாதிரி அடிப்பாகத்தோடு. அவருக்கு மெத்தென்ற அடிப்பாகமும் உட்கார ஒரு நாற்காலியும் போதும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த மாநிலத்தில் இது அதிகப்படியான ஆசை இல்லை.

கிடங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான சேஃப்டி ஷூக்களின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. இலேசானது, மெத்தென்றிருக்கும், நல்ல சரக்குதான். ஆனால் காற்றின் ஈரம் அதைச் சில ஆண்டுகளில் உள்ளிருந்தே அரித்துவிடும். போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் அரிக்கும். கடலோர ஊர்களில் மொத்தமாக வாங்கிக் கிடங்கில் போட்டுவைத்த ஷூவை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தால், அடிப்பாகம் கேக் துண்டாக உதிர்வது இதனால்தான். 'புது ஷூவையே கிழிச்சுட்டான்' என்று தொழிலாளி மேல் பழி விழும். ஷூவிலேயே தயாரித்த காலம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது தர விதி. பெட்டியைப் பிரித்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். போடாத ஷூவுக்குக் கொடுத்த காசு முழுவதும் வீண். பொருந்திய ஷூவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் அதாவது காலில் ஏறும். குறைந்த விலைப்புள்ளிக்குத்தான் டெண்டர் கொடுக்க முடியும் என்ற விதியும் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையைத் தடுக்கவில்லை. நிபந்தனையை எழுதுவது அதிகாரிகள் கையில்தான் இருக்கிறது. தொழிலாளர் பக்கமும் பழக்கக் குறை உண்டு, மறுக்கவில்லை. பிறந்ததிலிருந்து செருப்பு தவிர வேறு போடாத காலுக்கு ஷூ பழகச் சில வாரம் ஆகும். பொருந்திய ஷூவைக் கொடுத்துவிட்டுப் போட்டே ஆக வேண்டும் என்று கண்டிப்புக் காட்டினால் கேட்க நியாயம் இருக்கும்.

செய்ய வேண்டியது கடினமானதும் அல்ல, புதியதும் அல்ல. தொழுநோயாளிகளுக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்யும் இடங்களில், காகிதத்தின் மேல் காலை வைக்கச் சொல்லிச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து அளவெடுக்கும் வழக்கம் காலங்காலமாக இருக்கிறது. உணர்ச்சியற்ற காலுக்கு ஷூ கடிக்கக் கூடாது என்பதை அரசு அங்கே புரிந்துகொண்டிருக்கிறது. அதே காகிதமும் பென்சிலும் நகராட்சி அலுவலகத்துக்கும் போதும். ஆர்டர் போடும் முன் ஒருநாள், கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஒவ்வொரு தொழிலாளியின் இரண்டு காலையும் நீளம் அகலத்தோடு அளந்து பட்டியல் எடுக்கட்டும். எத்தனை 4, எத்தனை 5 என்று அந்தப் பட்டியல் சொல்கிறபடி டெண்டர் போகட்டும். பெண்களுக்குப் பெண்கள் அச்சுக்கட்டையில் செய்த காலணி என்று அதில் எழுதட்டும்.

மாதிரி ஷூவை அதிகாரியின் மேஜையில் வைத்துத் தட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, வேலை செய்பவர்களில் சிலர் ஒரு வாரம் போட்டுப் பார்த்துச் சொன்ன பிறகே தேர்வு செய்யட்டும். கடித்தால் பத்து நாளுக்குள் வேறு அளவு மாற்றித் தர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒரு ஜோடி போதாது, இரண்டு வேண்டும். ஒன்று காயும்போது மற்றது காலில் இருக்கும். கூடவே பருத்தி சாக்ஸ். தொழிலாளர் ஆய்வாளர் வந்தால் பதிவேட்டைக் கேட்பதற்கு முன் நாலு பேரைக் கூப்பிட்டுப் போட்ட ஷூவோடு பத்தடி நடக்கச் சொல்லட்டும். நடையிலேயே தெரிந்துவிடும்.

கட்டடத் தொழிலாளி இன்று ஒரு மேஸ்திரியிடம், அடுத்த மாதம் இன்னொருவரிடம். ஒவ்வொரு சைட்டிலும் யாரோ போட்டுக் கழற்றிய ஷூவைத்தான் அவர் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நலவரியாக வசூலாகிறது. அந்த நிதியிலிருந்து, பதிவு பெற்ற தொழிலாளி தன் காலுக்குப் பொருந்தும் முத்திரையுள்ள ஷூவைத் தானே தேர்ந்தெடுத்து வாங்க ஒரு சீட்டு கொடுத்தால், ஷூ அவருடையதாக இருக்கும், அவரோடு சைட் மாறும். நலவாரியம் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

சொந்தக் காசில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாலையில் போங்கள், வேலைக்குப் போடும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள். நுனியில் பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும், குதிகால் ஏறி இறங்கக் கூடாது. கடையிலேயே குத்தவைத்து உட்கார்ந்து எழுங்கள். போகப் போகச் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால், முன்கவச ஷூ விஷயத்தில் அதை நம்பாதீர்கள்.

குடியிருப்போர் சங்கங்களுக்கும் வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காவலுக்கும் துப்புரவுக்கும் கட்டுமானத்துக்கும் போடும் ஒப்பந்தத்தில், வேலை செய்பவரின் கால் அளவுக்குக் காலணி தர வேண்டும், அதற்குச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். நகரத்தில் இருப்பவர்கள் பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலரிடம் கேளுங்கள். கிராமத்தில் தூய்மைக் காவலர்கள் உங்கள் தெருவுக்கும் வருகிறார்கள். மே 1 தொழிலாளர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அவர்கள் காலை அளந்து காலணி வாங்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கிராம சபைத் தீர்மானம் பதிவேட்டில் ஏறினால் ஊராட்சி பதில் சொல்லியாக வேண்டும்.